களவு என்று சொன்ன தம்பிக்கு

சனிக்கிழமை ஒரு கூட்டத்தில், இணைய விளம்பரங்களை மறிக்கிற ஆட் பிளாக்கர் பற்றி ஒரு தம்பி சொன்னதை இரண்டு நாளாக மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். "ஆட் பிளாக்கர் போட்டு இணையம் பார்க்கிறவர், கடையில் சாப்பிட்டுவிட்டுக் காசு குடுக்காமல் எழும்பிப் போகிறவர்." மண்டபமே கைதட்டியது. வட்ஸ்அப் குழுவிலும் இப்போது அந்த வரிதான் சுற்றுகிறது. அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. களவு. எங்கள் வீட்டில் மூன்று போனிலும் ஆட் பிளாக்கர் போட்டுக் கொடுத்தது நான். அப்படியென்றால் அது என்னைச் சொன்னதுதான்.

சரி, கடை என்றே வைப்போம். திருகோணமலை என்.சி. வீதியில் ஒரு கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போகிறேன். கதிரையில் இருக்க முதலே நாலு பேர் வந்து எங்கே இருந்து வாறாய், நேற்று எந்தக் கடைக்குப் போனாய் என்று கேட்டு எழுதுகிறார்கள். அவர்கள் வந்த ஓட்டோவுக்குக் கூலியும் என் பையிலிருந்துதான் போகிறது. பல இணைய விளம்பரங்களும் இப்படித்தான், நான் எங்கெங்கே போகிறேன் என்று என் டேட்டாவிலேயே வேவு பார்க்கின்றன. அந்த நாலு பேரை வாசலில் மறித்தால் நான் கள்ளனா?

ஆட் பிளாக்கர் யாருடையதையும் எடுப்பதில்லை. ஒரு பக்கம் திறக்கும்போது, இந்த முகவரிக்குப் போய் இதை எடு, அந்த முகவரிக்குப் போய் அதை எடு என்று பிரௌசருக்குக் கட்டளை வருகிறது. பிளாக்கரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ஈஸிலிஸ்ட் என்ற பட்டியலை 2005இலிருந்து ஆட்கள் திருத்தித் திருத்திப் பாதுகாக்கிறார்கள். அதில் இருக்கிற முகவரி என்றால் பிரௌசர் போகாது. வந்த விளம்பரத்தை மறைப்பது வேறு, எடுக்கவே போகாமல் விடுவது வேறு. போகாததால் டேட்டாவும் கரையாது. அந்த டேட்டா நான் ரீலோட் போட்ட காசு.

நேற்று இரவு ஒரே செய்திப் பக்கத்தை இரண்டு விதமாகவும் திறந்து பார்த்தேன். பிளாக்கர் இல்லாமல் நாலு பந்திச் செய்திக்கு இடையில் ஆறு பெட்டி, கீழே ஒட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு வீடியோ, வாசித்துக்கொண்டிருக்கும்போதே வரி நழுவிக் கீழே போகிறது. பிளாக்கரோடு நாலு பந்தி மட்டும், மூலையில், பிளாக்கர் மறித்த எண்ணிக்கையாக 61 என்று ஓர் இலக்கம். ஒரு செய்தியை வாசிக்க அறுபத்தொரு தடவை பிரௌசர் வேறெங்கோ போகப் பார்த்திருக்கிறது.

"கவனமாக இருந்தால் போதும்" என்று சொல்லுவீர்கள். அப்பா கவனமான மனிசன். கடைசிப் பற்றுச்சீட்டு வரை அடுக்கி வைப்பவர். சிவப்பு விளம்பரப் பெட்டியில் "உங்கள் போனில் வைரஸ்" என்று வந்ததைப் பார்த்துப் பயந்து பச்சைப் பொத்தானை அமத்தினார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நாளுக்கு நாள் பாலன்ஸில் காசு வெட்டுப்பட்டது. எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு, தானே திரும்பத் திரும்ப ரீலோட் போட்டிருக்கிறார். அதை நினைத்தால் இப்பவும் நெஞ்சு கனக்கிறது. அமெரிக்காவின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யே 2022 டிசம்பரில், தேடல் முடிவுகளில் விளம்பரம் வாங்கிப் போட்டு மோசடிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள், ஆட் பிளாக்கர் போடுங்கள் என்று மக்களுக்கு அறிவித்தல் விட்டது. களவைப் பிடிக்கிறவர்களே போடச் சொல்லுகிற சாமானை நீங்கள் களவு என்கிறீர்கள்.

"சின்னத் தளம் நடத்துகிற எங்கட பிள்ளைகள் எப்படிச் சீவிப்பது?" இது நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. நான் விரும்பி வாசிக்கிற இரண்டு தமிழ்த் தளங்களுக்குப் பிளாக்கரை நிறுத்தித்தான் வைத்திருக்கிறேன். அவர்கள் ஒரு படத்தை ஓரமாகப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்வியை ஏன் எப்போதும் எங்களிடமே கேட்கிறீர்கள்? பக்கத்தில் என்ன வந்து விழுகிறது என்று பாராமல் இடத்தை விற்கிறவரிடம் ஒருதரம் கேளுங்கள். பேப்பரிலும்தான் விளம்பரம் வருகிறது. வீரகேசரியில் வருகிற விளம்பரம் எழும்பி வந்து என் கண்ணைப் பொத்தியதில்லை.

குரோம் பிரௌசர் வைத்திருப்பவர்களுக்கு இடையில் ஒன்று. ஆட் பிளாக்கர் மாதிரி பிரௌசரோடு சேர்க்கிற சின்னச் செயலிகளை நீட்சி என்பார்கள். போனில் உள்ள குரோமில் நீட்சி எதுவும் போட முடியாது. கணினியிலும் 2024-25இல் பழைய வகை நீட்சிகளை நிறுத்தியபோது யுபிளாக் ஆரிஜின் என்ற ஆட் பிளாக்கர் போய்விட்டது, லைட் என்ற குறைந்த வடிவம்தான் மிச்சம். குரோம் கூகுளுடையது, அவர்களுக்கு வருமானம் எதிலிருந்து வருகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். பயர்பாக்ஸ் என்ற பிரௌசரில் யுபிளாக் ஆரிஜின் முழுதாக வேலை செய்கிறது, ஆண்ட்ராய்டு போனிலும்.

உண்மையில் எனக்குக் கோபம் வந்தது காசுக்காக இல்லை தம்பி.

அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலால் வந்ததும் சாய்மனைக் கதிரையில் இருந்து மரண அறிவித்தல் பார்ப்பா. எங்கட சனம் உலகமெல்லாம் சிதறிக் கிடக்கிறது, யார் போய்விட்டார்கள் என்று அதில்தான் தெரியும். மாசி மாதம் ஒருநாள், டொராண்டோவில் இருந்த அவவின் பெரியம்மா மகளின் படம் வந்தது. 1990இல் போனவர், அதற்குப் பிறகு இவர்கள் நேரில் காணவே இல்லை. முகத்தைப் பெரிதாக்கிப் பார்க்க அம்மா விரல் வைத்தா. அந்த முகத்துக்கு மேலே கேம் விளம்பரம் ஒன்று வந்து நின்றது, காசு கொட்டுகிற சத்தத்தோடு. மூடுகிற புள்ளடி அரிசியளவு. அதில் அமத்த அமத்த வேறெங்கோ போகிறது. அம்மா போனைக் கட்டிலில் குப்புறப் போட்டுவிட்டு, பிழை செய்த பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தா. "நான் ஒண்டும் அமத்தேல்லை, அது தானா வந்தது."

அழுதுகொண்டிருந்த மனிசி என்னிடம் மன்னிப்புக் கேட்கிறா.

அன்றைக்கு இரவே பயர்பாக்ஸ் இறக்கி, பிளாக்கர் போட்டு, அதே பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு மெல்லமாகச் சொன்னா, "இப்ப அக்கா அசையாம நிக்கிறா."