பணி முடிந்த லாரிக்கு மைல் வரம்பு விதிப்பதற்கு முன்

அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுபவர், பணியில் இல்லாத நேரத்தில் அதே லாரியைத் தம் சொந்தத் தேவைக்கு ஓட்டிக்கொள்ள 'பெர்சனல் கன்வேயன்ஸ்' என்ற விதி இடம் தருகிறது. ஓட்டுநர்கள் இதைப் பணி நேரக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பும் வழியாக ஆக்கிவிட்டார்கள், ஆகவே இதற்கு ஒரு தூர வரம்போ நேர வரம்போ வேண்டும் என்று சாலையோரச் சோதனை அதிகாரிகளின் அமைப்பான வணிக வாகனப் பாதுகாப்புக் கூட்டமைப்பு வற்புறுத்தி வருகிறது. அந்த அமைப்பின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நோய் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் மருந்து தடவுகிறார்கள் என்பதே என் உறுதியான கருத்து.

விதியின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு ஓட்டுநர் 11 மணி நேரம் வண்டி ஓட்டலாம். ஆனால் அந்த 11 மணி நேரமும், வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும். இந்த 14 மணி நேரக் கடிகாரம் தொடங்கிவிட்டால், வண்டி ஓடினாலும் நின்றாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். லாரியிலேயே உள்ள படுக்கையான ஸ்லீப்பரில் ஓய்வைப் பகுத்து எடுத்துக்கொள்ளும் சலுகை உண்டு என்றாலும், சரக்கை ஏற்றி இறக்கும் மேடையான டாக்கிலிருந்து எந்த நிமிடமும் அழைப்பு வரலாம் என்று காத்திருப்பவருக்கு அது பெரும்பாலும் கைகொடுப்பதில்லை.

காலை 5 மணிக்குப் புறப்பட்டவர் நண்பகலில் ஒரு கிடங்கை அடைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 14 மணி நேரம் மாலை 7 மணிக்கு முடிகிறது. சரக்கை இறக்கி, வேறொன்றை ஏற்றி, காகிதங்களில் கையெழுத்து வாங்கும்போது மணி ஏழரை ஆகிவிடுகிறது. இரவில் வளாகத்துக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, உடனே வெளியேறுங்கள் என்கிறார் காவலர். 2018 வரை இப்படிப்பட்டவர் நின்றால் வளாக விதியை மீறியவர், நகர்ந்தால் சட்டத்தை மீறியவர். 1997 ஆம் ஆண்டு வெளியான பழைய வழிகாட்டுதலின்படி, சரக்கு ஏற்றிய வண்டியைச் சொந்தப் பயன்பாட்டுக் கணக்கில் நகர்த்தவே முடியாமல் இருந்தது. 2018 இல் கூட்டரசின் லாரிப் பாதுகாப்பு நிர்வாகம் அந்தத் தடையை நீக்கியது. ஏற்றும் அல்லது இறக்கும் இடத்தில் நேரம் முடிந்துபோனால், நியாயமாகக் கிடைக்கக்கூடிய முதல் பாதுகாப்பான இடம் வரை செல்லலாம் என்று அனுமதித்தது. பல ஆண்டுகளாக ஓட்டுநர்கள் தலையில் ஏற்றப்பட்டிருந்த ஒரு அநியாயம் அன்று சற்றே குறைந்தது என்று நான் மனதார நம்புகிறேன்.

அதே வழிகாட்டுதல் எல்லைகளையும் தெளிவாகவே வகுத்திருக்கிறது. தங்குமிடத்திலிருந்து உணவகத்துக்குப் போகலாம், முனையத்திலிருந்து வீட்டுக்குப் போகலாம். அடுத்த சரக்குக்கு அருகில் போய்ச் சேர்வதற்காக வழியில் உள்ள ஓய்விடங்களைத் தாண்டிச் செல்லக் கூடாது, பழுது பார்க்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோகக் கூடாது. பயணம் யாருடைய தேவைக்காக என்பதே இங்கு அளவுகோல். இதைவிடக் கடுமையான வரம்புகளை நிறுவனங்கள் தாமே விதித்துக்கொள்ளலாம். இந்தச் சலுகையே வேண்டாம் என்று தடுக்கவும் அவற்றுக்கு உரிமை உண்டு.

எதிர்த்தரப்பின் வாதத்தில் வலுவான ஒன்று இருக்கிறது. பணி நேரப் பதிவேடான லாக்கில் எந்த நிலையைப் பதிந்தாலும் உடலின் சோர்வு ஒன்றுதான். 11 மணி நேரம் ஓட்டியவர் சொந்தப் பயன்பாடு என்று பதிந்துவிட்டு மேலும் 200 மைல் ஓட்டினால், எதிரே வரும் குடும்பத்துக்கு அது கொலைக்கருவிதான். சொந்தப் பயன்பாடு என்று பதியப்பட்ட நிலையில் மின்னணு லாக் கருவி இருப்பிடத்தை ஏறத்தாழ 10 மைல் சுற்றளவுக்கு மங்கலாக்கியே பதிவதால் பொய்யைக் கண்டுபிடிப்பதும் கடினமாகிறது. இப்படிச் செய்பவர்களை நான் ஒருபோதும் ஆதரிக்கவில்லை. களைப்போடு ஓட்டக் கூடாது என்ற விதி சொந்தப் பயணத்துக்கும் பொருந்தும் என்பதை ஒவ்வொரு ஓட்டுநரும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் வரம்பு போட்டால் சரியாகிவிடுமா? கனடாவில் ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர் என்ற வரம்பு இருக்கிறது, வண்டியில் சரக்கும் இருக்கக் கூடாது, டிரெய்லரையும் கழற்றியிருக்க வேண்டும். சரக்கோடு கிடங்கிலிருந்து வெளியேற்றப்படும் ஓட்டுநருக்கு, அவர் உதவி தேடும் அந்த நேரத்தில், இந்தச் சலுகை எதையும் தராது.

பொய் லாக்கின் வேர் ஊதியத்தில் இருக்கிறது. நெடுந்தூர ஓட்டுநர்களில் பெரும்பாலோருக்கு மைல் கணக்கில்தான் கூலி. 1938 ஆம் ஆண்டின் நியாயத் தொழிலாளர் தரச் சட்டம், மாநில எல்லை தாண்டும் லாரி ஓட்டுநர்களை மிகைநேர ஊதியத்திலிருந்து அன்றே விலக்கி வைத்தது, அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. டாக்கில் நிற்கும் நேரத்தில் முதல் இரண்டு மணி நேரத்துக்குக் கூலி ஒன்றுமில்லை என்பது தொழிலில் ஊறிப்போன வழக்கம். அதாவது, கிடங்குக்காரரின் தாமதத்துக்கான விலையைத் தம் உழைப்பு நேரத்தாலும் தம் தூக்கத்தாலும் கொடுப்பவர் ஓட்டுநர். விதியை மீறுமாறு ஓட்டுநரை வற்புறுத்துவது சரக்கு அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும்கூடக் குற்றம் என்று 2016 முதல் ஒரு விதி இருக்கிறது. ஆனால் ஐந்து மணி நேரம் காக்க வைப்பது மட்டும் அந்த வற்புறுத்தலில் அடங்காது.

அடுத்தது, நிறுத்த இடமில்லாத கொடுமை. 2009 மார்ச் மாதம், ஜேசன் ரிவன்பர்க் என்ற 35 வயது ஓட்டுநர் பால் ஏற்றிய லாரியோடு இறக்குமிடத்தை நேரத்துக்கு முன்பே நெருங்கிவிட்டார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் தென் கரோலினாவில் கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்தினார். அங்கே அவரைச் சுட்டுக் கொன்றவனுக்குக் கிடைத்தது 7 டாலர். அவர் மனைவி அப்போது இரட்டைக் குழந்தைகளைச் சுமந்திருந்தார். அந்த மனைவியின் போராட்டத்தால், லாரி நிறுத்துமிடங்கள் குறித்த 'ஜேசன் சட்டம்' 2012 இல் வந்தது. அந்தச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டு 2020 இல் வெளியான கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 3,13,000 லாரி நிறுத்துமிடங்களே இருந்தன. பாதுகாப்பான இடம் கிடைப்பதில் வழக்கமாகச் சிக்கல் ஏற்படுகிறது என்று 98 விழுக்காடு ஓட்டுநர்கள் அதில் கூறினார்கள்.

இந்த நிலையிலும், நெடுஞ்சாலையில் இடம் தேடி அலையும்போது நேரம் முடிந்துபோனவருக்குச் சொந்தப் பயன்பாட்டுச் சலுகை கிடையாது. கிடங்கு வாசலில் நேரம் முடிந்தவருக்குக் கிடைக்கும் அதே அனுமதியை, மூன்று டிரக் ஸ்டாப்புகள் நிரம்பிவழிந்து நான்காவதைத் தேடுபவருக்கும் நீட்டிக்க வேண்டும். கூடவே, வண்டி உள்ளே நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் கிடங்கே பதிந்து ஓட்டுநர் கையில் தர வேண்டும் என்று சட்டம் வர வேண்டும். காக்க வைத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், முதல் மணி நேரத்திலிருந்தே கூலி வேண்டும். அந்தப் பதிவு கையில் இருந்தால், ஏழரை மணிக்கு வெளியேற்றப்பட்டு அருகிலுள்ள நிறுத்துமிடம் வரை ஓட்டியவர் யார், அடுத்த சரக்கை நோக்கி 200 மைல் ஓட்டியவர் யார் என்பதைச் சோதனை அதிகாரி மைல் வரம்பு எதுவும் இல்லாமலேயே பிரித்தறிந்துவிடலாம். இரண்டாமவர்மீது நடவடிக்கை எடுக்கட்டும். அதை நானும் ஆதரிப்பேன்.