செக் ஜாவாவுக்கு டோக்கனா என்று கேட்கும் அண்ணனுக்கு

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் ஒரு குரல் பதிவு போட்டிருந்தார். முழுதாக மூன்று நிமிடம். கடல் வற்றும் நேரத்தில் சிங்கப்பூரின் செக் ஜாவா கரையில், சேற்றில் இறங்கி நடக்கும் வழிகாட்டி நடைக்குப் பேரன்களை அழைத்துப்போக ஆசைப்பட்டாராம். முன்பதிவு திறந்த கையோடு இடம் தீர்ந்துவிட்டதாம். "நம் நாட்டுக் கடலைப் பார்க்க நமக்கே டோக்கனா? நாளைக்கு மழையில் நனையவும் முன்பதிவு கேட்பார்கள்" என்று முடித்திருந்தார். கீழே பதினான்கு கட்டைவிரல்கள். அந்தக் குழுவில் அண்ணனை எதிர்த்து எழுதும் துணிவு எனக்கு இல்லை. அவர் முகநூல் பக்கம் வருவதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

டோக்கன் வேண்டும் என்பதுதான் என் கட்சி. காரணம் சொல்வதற்கு முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

செக் ஜாவா இருப்பது புலாவ் உபின் தீவின் கிழக்கு முனையில். மண் கொட்டி அதை நிலமாக்கும் திட்டம் 1992லேயே போட்டாகிவிட்டது. 2000 டிசம்பரில் தாவரவியலாளர் ஜோசப் லாய் பள்ளிப் பிள்ளைகளோடு அங்கே போன பிறகுதான் அந்தச் சேற்றில் என்னென்ன வாழ்கின்றன என்பது ஊருக்குத் தெரிந்தது. மண் விழ இன்னும் ஓராண்டு அளவுதான் இருந்தது. செய்தி பரவப் பரவக் கூட்டம் திரண்டது. 2001இல் நானும் போனேன். சாவு வீட்டில் கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கப் போகிறவர்களின் அவசரம் எல்லோரிடமும் இருந்தது. முன்னால் போனவரின் முதுகைப் பார்த்தபடியே நடந்தேன். ஓரிடத்தில் என் குதிகாலுக்கடியில் முறுக்கு உடைவதுபோல ஒரு சத்தம். காலை எடுத்துப் பார்த்தால் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, தட்டையாக ஒன்று, இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேற்புறத்தில் ஐந்து இதழ்ப் பூப்போல ஒரு கோலம். சிப்பி என்று நினைத்துக் கையில் எடுத்தேன். உடைந்த பாதியில் வெல்வெட் போன்ற குட்டி முட்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. மணல் டாலர் என்பது அதன் பெயர் என்று பக்கத்தில் நின்ற தன்னார்வலர் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த ஆண்டு டிசம்பரில் நிலமீட்பு தள்ளிவைக்கப்படுவதாகச் செய்தி வந்தது. 2002 ஜனவரியில் உறுதியானது. 'தள்ளிவைப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். வளர்ச்சிக்கு உபின் தேவைப்படாத வரையில் கை வைப்பதில்லை என்பதுதான் கொடுத்த வாக்கு. ஆகவே அந்த இடத்தின் ஆயுள் ஜனங்களின் பாசத்தில் தொங்குகிறது. பார்க்காத ஒன்றின்மேல் யாருக்கும் பாசம் வராது. பார்க்கப் போனால் என் குதிகால் செய்த வேலையைச் செய்ய இன்னும் ஆயிரம் குதிகால்கள் வரும். அண்ணன் இந்த இரண்டில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறார்.

கடல் அங்கே எப்போதும் கதவைத் திறந்து வைத்திருப்பதில்லை. நீர்மட்டம் 0.5 மீட்டர் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கினால்தான் கடற்புல் வெளி தலைகாட்டும். அப்படி நன்றாக வற்றுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில். அதிலும் ஆண்டின் நடுவில் வற்றம் விடியற்காலையை ஒட்டி வரும். ஆண்டுக் கடைசியில் மாலையோ இரவோ ஆகிவிடும். விடுமுறை நாள், நல்ல வெளிச்சம், நல்ல வற்றம் மூன்றும் கூடிவருவது அபூர்வம். கூடிவரும் அந்த ஓரிரு மணி நேரத்தில்தான் அத்தனை பேரும் அத்தனை கால்களோடு இறங்குவோம். அண்ணன் கேட்கும் 'எல்லோரையும் விடு' என்பதற்கு அதுதான் பொருள். கடற்புல்லின் வேர்த்தண்டு சேற்றுக்குள் கிடையாக ஓடுகிறது. மிதிபட்டால் மேலே இலை மடங்குவதோடு போகாது. திரும்பத் திரும்ப மிதிக்கும்போது சேறு இறுகும். உள்ளே வளை தோண்டி வாழ்பவற்றுக்கு மூச்சுமுட்டும்.

எண்ணிக்கை வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஊகித்துப் பார்க்க வேண்டியதில்லை. கொவிட் காலத்தில் எங்கும் பறக்க முடியாமல் இருந்தபோது வற்றம் விழும் நாள்களில் சாங்கிக் கடற்கரையில் திரண்ட கூட்டத்தை நானே பார்த்தேன். நம்மவர்களும் நிறைய. ஒரு சிறுவனின் சிவப்பு பிளாஸ்டிக் வாளியை எட்டிப் பார்த்தேன். நான்கு நண்டு, அவற்றில் ஒன்றுக்குக் கொடுக்கு இல்லை. இரண்டு நட்சத்திர மீன்கள், ஒன்றின்மேல் ஒன்று. நத்தை ஓட்டுக்குள் பதுங்கிய ஒரு முனிவன் நண்டு. விரல் வைத்துப் பார்த்தேன், தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. பையனின் தாத்தாவிடம் மெல்லச் சொன்னேன். "கடல் யார் வீட்டுச் சொத்து தம்பி? நாலு நண்டு எடுத்தால் வற்றிவிடுமா?" என்றார். கெட்டவர் இல்லை. ஊரில் கடலோரம் வளர்ந்தவராக இருக்கலாம். அங்கே கரை நீண்டுகொண்டே போகும். இங்கே இயற்கையான கரை என்று மிஞ்சியிருப்பதே சொற்பம். செக் ஜாவா முழுவதுமே ஏறத்தாழ 100 ஹெக்டர்தான். அதற்குள் மணற்கரை, பாறைக்கரை, கடற்புல், பவளச் சிதறல், அலையாத்திக் காடு, கரையோரக் காடு என்று ஆறு வகை வாழிடங்கள் நெருக்கியடித்துக் குடியிருக்கின்றன.

நாம் கரையோரங்களை நடத்திய விதமும் பெருமைப்படக்கூடியது அன்று. சிங்கப்பூரின் தெற்குக் கரையில் லாப்ரடார் அருகே 'பத்து பெர்லாயார்' என்று ஒரு பாறை நின்றது. சீன மாலுமிகள் 'டிராகன் பல்' என்று அழைத்து, அதைப் பார்த்துத்தான் வழி கண்டார்கள். கப்பல் நுழைய இடைஞ்சல் என்று 1848இல் ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2005இல் அதற்கு ஒரு நகல் செய்து வைத்தோம். இப்போது அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

சரி, எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அண்ணனுக்கு அது தெரியாது, அவருக்காக நானே சொல்கிறேன். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் அக்கரையில், மலேசியாவின் ஜோகூரில் பெருமழை, வெள்ளம். ஆற்று நன்னீர் கடலில் பாய்ந்து உப்புத்தன்மை இறங்கிவிட, செக் ஜாவாவில் பூப்போல விரியும் கடற்சாமந்திகளும் கடல் அட்டைகளும் கடற்பஞ்சுகளும் கொத்துக்கொத்தாகச் செத்தன. எந்தச் சுற்றுலாக் கூட்டமும் அவ்வளவு அழிவைச் செய்ததில்லை. அப்படியிருக்க என் இரண்டு கால்களை மட்டும் கட்டிப்போட்டு என்ன பயன் என்று கேட்கலாம். ஜோகூர் மழையை நிறுத்த என்னால் ஆகாது. என் காலை நிறுத்த ஆகும். தவிர, காய்ச்சலில் கிடந்து எழுந்தவனின் வீட்டுக்குப் படையெடுத்துப்போய் நலம் விசாரிப்பார்களா?

பார்க்கவே விடவில்லை என்பதும் சரியில்லை. 2007 ஜூலையில் திறந்த பலகைப் பாதை 1 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். ஒரு சுற்று கடல்மேல், இன்னொன்று அலையாத்திக் காட்டுக்குள். டிக்கெட் கிடையாது. சாங்கி முனையில் 12 பேர் சேர்ந்ததும் உபினுக்கு மரப்படகு கிளம்பும். இறங்கி நடக்கலாம், சைக்கிள் எடுக்கலாம். வற்றம் இருந்தால் மேலே நின்றபடியே நண்டுகளின் கூத்தைப் பார்க்கலாம். கால் மட்டும் சேற்றில் படாது. தெற்கே இருக்கும் சகோதரித் தீவுகளிலும் இதே கணக்குதான்: பெரிய தீவான அக்காவை 2024 அக்டோபரில் மக்களுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள், சிறிய தீவான தங்கையை ஆராய்ச்சிக்கும் ஆமைக் குஞ்சுகளுக்கும் விட்டுவைத்திருக்கிறார்கள். கோயிலில் கருவறைக்குள் நம்மை விடவில்லை என்று அண்ணன் ஒருநாளும் குரல் பதிவு போட்டதில்லை. வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறார், குறையொன்றும் இல்லை.

கோயில் என்றதும் சிறப்பு தரிசனச் சீட்டு நினைவுக்கு வருகிறது. அதுதான் எனக்குப் பயம். கூட்டத்தைக் குறைக்கச் சுலபமான வழி விலையை ஏற்றுவது என்று யாராவது ஒருநாள் கிளம்புவார்கள். அது வேண்டவே வேண்டாம். காசுள்ளவன் கால் மட்டும் சேற்றில் இலேசாகவா பதியும்?

ஆனால் அண்ணனின் ஆத்திரத்தில் ஒரு பாதி நியாயம், அதைச் சொல்லாமல் விட்டால் தம்பிக்கு அழகில்லை. முந்திக்கொண்டவருக்கே இடம் என்றால் அது விரல் வேகமுள்ளவர்களுக்கான ஏற்பாடு. எழுபது வயதில் கண்ணாடியைத் தேடி, கடவுச்சொல்லை நினைவுபடுத்தி முடிப்பதற்குள் இடம் போய்விடும். அரசாங்கம் கட்டும் வீவக வீட்டுக்கே குலுக்கல் வைக்கும் நாடு இது. சேற்று நடைக்கும் குலுக்கலே போடலாம்: ஒரு வாரம் பெயர் கொடுக்கட்டும், பிறகு சீட்டு எடுக்கட்டும். ஒருமுறை போனவர் அடுத்த ஆண்டு வரை ஒதுங்கியிருக்கட்டும். பள்ளிகளுக்கும் முதியோருக்கும் சில இடங்களைத் தனியாக வைக்கட்டும். நான் போன நடைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தன. தமிழில் ஒன்று நடந்தால் வாளித் தாத்தா போன்றவர்களோடு கரையிலேயே நின்று பேசலாம். கடற்சாமந்தி என்று எவ்வளவு அழகான சொல் வைத்திருக்கிறோம். அதைச் சேற்றில் காட்டிச் சொல்ல ஆள் வேண்டாமா? அந்த வேலைக்கு ஆள் தேடினால் நான் தயார். மணல் டாலர் கடன் ஒன்று பாக்கி இருக்கிறது.

அண்ணி இதைப் படிப்பார் என்று தெரியும். அண்ணி, அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை நல்ல வற்றம் காலை எட்டரைக்குப் பிறகு விழுகிறது. பலகைப் பாதைக்குப் போவோம். அண்ணனிடம் என் பெயரைச் சொல்லாமல் கிளப்பிக்கொண்டு வாருங்கள். பேரன்களுக்கு ஆளுக்கொரு தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். வாளி வேண்டாம்.