பெங்களூருக்குப் பெயர் தந்தது வெந்த பயறா?

வேட்டையில் வழிதவறிய ஹொய்சள மன்னன் வீரவல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த பயறு கொடுத்தாளாம். அதனால் கன்னடத்தில் ‘வெந்த பயறு ஊர்’ என்று பொருள்படும் ‘பெந்தகாளூரு’ என்ற பெயரே பெங்களூரு ஆனதாம். வாட்ஸ்அப்பில் மறுபடி சுற்றும் இந்தச் செய்தி தவறு.

கதை ருசியானதுதான், காலக்கணக்குதான் இடிக்கிறது. இரண்டாம் வீரவல்லாளன் அரியணை ஏறியது 1173இல். நகரின் தெற்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில் கங்கர் காலக் கன்னடக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது; காலம் சுமார் 890. நாகத்தரன் என்ற தலைவனைச் சார்ந்த புட்டணசெட்டி, ‘பெங்களூரு காளக’த்தில், அதாவது பெங்களூருச் சண்டையில் மாண்டதை அது சொல்கிறது. கிழவி அடுப்பு மூட்டுவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஊருக்குப் பெயர் இருந்திருக்கிறது!

நகரை நிறுவியவர் எனப்படும் கெம்பேகௌடர் 1537இல் கட்டியது கோட்டையும் பேட்டையும். பெயர் அவருக்கும் மூத்தது.