ஸ்டியரிங் என் கையில்தானே இருக்கு?

மாமாவின் கார் இன்றைக்கும் ஸ்டியரிங்கைத் தானாக இழுத்துவிட்டது. பாபநாசம் தாண்டி ரோட்டின் பாதியில் சம்பா நெல் காய்கிறது, ஓரத்தில் கல் வைத்திருக்கிறார்கள், ஒரு அம்மா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடக்கிறார். நாமெல்லாம் என்ன செய்வோம்? வேகத்தைக் குறைத்து, வலது பக்கம் ஒதுங்கி, தாண்டியதும் திரும்பி வருவோம். நானும் அதைத்தான் செய்தேன். எதிரே பஸ் தூரத்தில்தான் இருந்தது, தாராளமாக நேரம் இருந்தது. மாமாவின் கோடி ரூபாய் செடான் என்ன செய்தது தெரியுமா? டயர் நடுக்கோட்டைத் தொட்டதும் ஸ்டியரிங்கை இடது பக்கம் இழுத்தது. இடது பக்கம் நெல். நெல்லுக்கு நடுவில் அந்த அம்மா!

இதற்குப் பெயர் லேன் கீப் அசிஸ்ட், வண்டி கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் வசதியாம். முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா வெள்ளைக் கோட்டைத்தான் தேடும். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் டிரைவர் அசந்துவிட்டான் என்று அதற்குக் கணக்கு. ஊருக்கு ஊர் நெல் கிடக்கிற ரோட்டில் ஒவ்வொரு விரிப்புக்கும் யார் இண்டிகேட்டர் போடுவார்கள்? நான் வலது பக்கம் திருப்ப, அது இடது பக்கம் இழுக்க, எதிரே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வர, கையில் பலத்தைக் கூட்டியதும்தான் விட்டது. விட்டது சரி, அந்த ஒரு நொடிக்கு யார் பொறுப்பு? இடது டயர் நெல்லில் ஏறி இறங்கிவிட்டது. "காரு வச்சிருந்தா கண்ணு தெரியாதா?" என்று அந்த அம்மா கத்தினார். திட்டு முழுக்க எனக்கு. காருக்கு ஒரு சொல் இல்லை.

ஓரம் கட்டி இதை அணைக்கலாம் என்றால் ஒரு பட்டன் கிடையாது. திரையைத் தொடு, வண்டி அமைப்பைத் தேடு, அதற்குள் இன்னொரு பட்டியல், அப்புறம் நிஜமாகவே அணைக்கவா என்று ஒரு கேள்வி. அணைத்தேன். கும்பகோணத்தில் டீ குடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினால் மறுபடி ஆன்! ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம், ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் தானாக ஆன் ஆக வேண்டும். அங்கே அந்தச் சட்டம் இருக்கட்டும். இங்கே விற்கிறவர்கள் அறுவடைக் காலத்தில் ஒரே ஒரு நாள் இந்தப் பக்கம் ஓட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

தொழில்நுட்பமே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்த ஏபிஎஸ், அதாவது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் வசதி, இன்று பைக்கில்கூட இருக்கிறது, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அது நான் பிரேக்கை மிதித்தால்தான் வேலை செய்யும், என் கையிலிருந்து எதையும் பிடுங்காது. இந்தக் காரில் ஏசி காற்றைத் திருப்பக்கூடத் திரையில் விரலை வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் மாதிரி முக்கியமானவற்றுக்காவது நிஜ பட்டனோ லீவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று, கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் போடும் யூரோ என்கேப்பே 2026 முதல் சொல்லிவிட்டது. தாமதமாகவாவது புத்தி வந்ததே.

அந்த அம்மா மேல் எனக்குத் துளி கோபம் இல்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பி அனுப்புவார்கள், தளர்வு வேண்டுமென்றால் வருஷா வருஷம் டெல்லிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும், அதற்குள் மழை வந்துவிடும். ரோட்டில் கொட்டாமல் வேறு எங்கே கொட்டுவது? ஊருக்கு ஒரு சிமெண்ட் களம் போட்டுக் கொடுக்க இன்னும் எத்தனை சம்பா வேண்டுமய்யா?