“விற்காத வரை நஷ்டமே இல்லை” என்பது சரியல்ல

“விற்காத வரை நஷ்டமே இல்லை, பொறுமையாக இருந்தால் எந்த காயினும் பழைய விலைக்கு வந்துவிடும்” என்று கிரிப்டோ காயின்கள் பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பிட்காயினுக்கு இதுவரை அப்படி நடந்தது உண்மைதான். 2021 நவம்பரில் சுமார் 69,000 டாலரைத் தொட்டது, ஒரே வருடத்தில் 16,000-க்கும் கீழே போனது, 2024 மார்ச்சில் பழைய உச்சத்தைத் தாண்டியது.

“எந்த காயினும்” என்பதுதான் இடிக்கிறது. 2022 மே தொடக்கத்தில் லூனா என்ற காயின் 80 டாலரை ஒட்டி இருந்தது. அடுத்த பத்து நாளில் ஒரு சென்ட் கூடத் தேறவில்லை. அதைக் கையில் வைத்திருந்தவர்களுக்குப் பொறுமையா இல்லை? 90% விழுந்த காயின் வாங்கிய விலைக்கு வர பத்து மடங்கு ஏறியாக வேண்டும், அந்தக் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், இதை ஃபியூச்சர்ஸில் (காயினையே வாங்காமல், அதன் விலை ஏறுமா இறங்குமா என்று சிறு முன்பணம் கட்டிப் போடும் ஒப்பந்தத்தில்) நம்பினால் கதை முடிந்தது. 10 மடங்கு லெவரேஜில், அதாவது கட்டிய பணத்தைப் போல் 10 மடங்கு மதிப்புக்கு வாங்கியவருக்கு, விலை 10% இறங்குவதற்குச் சற்று முன்பே எக்ஸ்சேஞ்ச் தானாகவே பொசிஷனை, அதாவது அந்த டிரேடை, மூடிவிடும். மறுநாளே விலை ஏறினாலும் அவருக்கு ஒன்றுமில்லை.

நானும் ஸ்டாப் லாஸ் (விலை இவ்வளவு இறங்கினால் தானாக விற்றுவிடு என்ற ஆர்டர்) போட்டுவிட்டு, விலை நெருங்க நெருங்க அதைக் கீழே தள்ளியிருக்கிறேன், ஒரே டிரேடில் மூன்று தடவை. அதைப் பொறுமை என்றுதான் அன்று நினைத்தேன். சுத்தப் பிடிவாதம். இப்போதெல்லாம் எந்த விலையில் வெளியேறுவேன் என்று எழுதிவைத்த பிறகுதான் வாங்கும் பட்டனையே தொடுகிறேன்.