என்95 முகக்கவசம் சல்லடை இல்லை

"கொரோனா வைரஸ் 0.1 மைக்ரான், என்95 ஓட்டை 0.3 மைக்ரான், டாக்டர்களும் நர்ஸ்களும் 2020-இல் அதைப் போட்டதே வீண்" என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. 0.3 என்பது ஓட்டையின் அளவே இல்லை. வடிகட்டியைச் சோதிக்கப் பயன்படுத்தும், பிடிக்கக் கடினமான துகளின் அளவு அது; அதிலேயே குறைந்தது 95 சதவீதத்தைத் தடுத்தால்தான் என்95 என்ற பெயர். இன்னும் சிறிய துகள்கள் நேராகப் போகாமல் அங்குமிங்கும் அலைந்து இழைகளில் மோதி ஒட்டிக்கொள்ளும். இழைகளின் மின்னூட்டமும் இழுத்துப் பிடிக்கும். வைரஸும் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, மூச்சிலும் இருமலிலும் தெறிக்கும் நுண்துளிகளோடுதான் வரும்.

சரி, உண்மையான ஆபத்து எங்கே? முகத்தோடு ஒட்டாத ஓரத்தில். அந்த இடைவெளி வழியே காற்று அப்படியே உள்ளே போய்விடும். அதனால்தான் டாக்டர்களும் நர்ஸ்களும் மணிக்கணக்கில் இறுக்கிப் போட்டு, மூக்கிலும் கன்னத்திலும் தழும்போடு வார்டை விட்டு வெளியே வந்தார்கள். அந்த வரியைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.