தீபாவளிப் பெட்டியும் ஜூலை மாத பில்லும்

தீபாவளி நெருங்கினால் போதும், எச்.ஆரிடமிருந்து மெயில் வந்துவிடும். சப்ளையரிடம் பரிசு வாங்கக் கூடாது, மீறி வந்தால் ரிசப்ஷனில் ஒப்படைக்க வேண்டும். சரி, நல்ல விஷயம்தான். (அதே வாரம் நம்முடைய சேல்ஸ் ஆட்கள் கஸ்டமர் ஆபீஸ்களுக்குப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோவது வேறு கதை.) ஆனால் நம்மிடம் வருகிறவர் அதை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

கோவையில் பர்ச்சேஸில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. கணபதியில் நாலு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர் வருவார். ஒரு கையில் ஸ்வீட் பாக்ஸ், இன்னொரு கையில் ஃபைல். பாக்ஸை மேசையில் வைத்துவிட்டு மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார். கிளம்பும்போது கதவைப் பிடித்தபடி நின்று, "ஏனுங்க சார், ஜூலை பில்லு ரெண்டு இன்னும் நிக்குதுங்க. பசங்களுக்கு போனஸ் போடோணும். அக்கவுண்ட்ஸ்ல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..." என்பார்.

இதை லஞ்சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனக்கு வரவேண்டிய காசைக் கேட்பதற்கே அவர் தண்டம் கட்டுகிறார்.

சட்டப்படி பார்த்தால் நாம்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது என்கிறது 2006ஆம் வருடச் சட்டம். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டி நிற்கும் தொகையைக் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரியிலும் கிடுக்கிப்பிடி போட்டிருக்கிறார்கள். ஆனால் வட்டி கேட்டு யார் லெட்டர் எழுதுவார்? எழுதினால் அடுத்த ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுமே என்ற பயம்.

பெட்டி கொண்டுவருகிற எல்லோரும் பாவம் என்று சொல்லவில்லை. ஆபீஸுக்கு வராமல் நேராக வீட்டுக்குப் போகும் பெட்டி இருக்கிறது. ரேட்டை ஏற்றிக்கொள்ளவும் ரிஜெக்‌ஷனைக் கண்டுகொள்ளாமல் விடவும் வருவது அது. மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுக்கும் இலவசங்களுக்கு வரிச்சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னதும் இந்த ரகத்தைப் பற்றித்தான். அங்கே எவ்வளவு கறாராக இருந்தாலும் தகும். பில் பணத்துக்காக வருகிறவரையும் வீட்டுக்குப் பெட்டி அனுப்புகிறவரையும் ஒரே மெயிலில் கட்டிப்போடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

எச்.ஆர் நண்பர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த வருடம் அந்த மெயிலை அனுப்புவதற்கு முன்னால், 45 நாள் தாண்டிய பில்களை அக்கவுண்ட்ஸில் லிஸ்ட் எடுத்துத் தீர்க்கச் சொல்லுங்கள். அப்புறமும் யார் யார் பெட்டியோடு வருகிறார்கள் என்று பாருங்கள். விசாரிக்க வேண்டியது அவர்களைத்தான்.